லாபமில்லாத குற்றம்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது. நீயும் உன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கே நான் நலம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். எழுதிவிட்டேன். நம்புவது உன் இஷ்டம். உறையை ஒட்டக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு நம் கடிதத்தை நடுவில் ஒருவர் படித்துவிட்டுத்தான் முத்திரை குத்தி அனுப்புகிறார். இத்தனை நாள் நம் வீட்டுச் சங்கதியெல்லாம் படித்தவரை விசாரிக்காமல் விட்டால் நன்றாக இருக்காது. நடுவில் படிக்கிற ஐயா, உங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகமா?

உன் மாமா போய்விட்டார். உனக்கு ஆபீஸ் வழியாகவே தகவல் வந்திருக்கும். எடுத்த அன்றைக்கு வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தேன். நீ வரவில்லை.

காய்ச்சல் என்று சொல்லி உடம்பை ஒப்படைத்தார்கள். காய்ச்சலில் போனவருக்கு முதுகு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டேன். "படுத்தே கிடந்தா அப்படித்தாம்மா ஆகும்" என்றான் காவலாளி. உன் மாமா பகலில் படுத்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அங்கே தலைமை ஆபீஸில் எப்படிச் சொன்னார்களோ, இங்கே நடந்ததை நான் எழுதுகிறேன். கீழத் தெருவில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. இடுப்பு வலியில் அவள் கத்துகிறாள், தலைக்கு மேலே கம்பத்து ஒலிபெருக்கி 'ஒழுங்கே உயர்வு, ஒழுங்கே உயர்வு' என்று அவளுக்கு மேலே கத்துகிறது. மாமியார்க்காரி துணி உலர்த்துகிற கம்பை எடுத்து ஒரே போடு. ஒலிபெருக்கி கீழே விழுந்துவிட்டது. உடைத்தது யார் என்று சொல்லும்வரை தெருவுக்கே தண்ணீர் கிடையாது என்று உத்தரவு. ஒருவரும் சொல்லவில்லை. அந்த மருமகள்கூடச் சொல்லவில்லை, பார்த்துக்கொள்.

தண்ணீர் நிலையத்து ஆளாகப் போய்க் கீழத் தெரு வால்வை மூடியதே உன் மாமாதான். சாயங்காலம் வந்து சோற்றில் கை வைத்தார், சாப்பிடவில்லை. "என் கையாலதான் மூடினேன்" என்றார். நாலாம் நாள் பட்டப்பகலில் எல்லோரும் பார்க்கத் திறந்துவிட்டார். தெருக் குழாயெல்லாம் இருமியது எங்கள் வாசல்வரை கேட்டது.

அன்றைக்கே வால்வை மறுபடி மூடிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டைக் கிளறினார்கள். பிரிக்காமல் வைத்திருந்த மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாவு என்ன குற்றம் செய்தது? வால்வு திருப்புகிற அந்த இடுப்புயரச் சாவியையும் பிடுங்கிக்கொண்டார்கள். தேய்ந்துபோன பழையது ஒன்றைக் கதவுக்குக் குறுக்கே தாழ்ப்பாளாகப் போடுவோமே, அதைக் கண்டுகொள்ளவில்லை.

அவரோடு அவர் துணிப்பையும் வந்தது. போன தடவை நீங்கள் வந்திருந்தபோது உன் பெண்டாட்டி கிழிந்த பைக் காதை நீல நூலில் தைத்துக் கொடுத்தாளே, அந்தப் பை. அவளுடைய இரட்டை முடிச்சு அப்படியே இருக்கிறது. பையைத் தூக்கினவர்தான் இல்லை.

லஞ்சம் வாங்கினவனெல்லாம் ரெண்டே நாளில் வீட்டுக்கு வருகிறான். ஒன்றும் வாங்காதவரை ஏன் அத்தனை நாள் வைத்திருந்தார்கள்? நீ படித்தவன். உள்ளே இருக்கிறவன். கேட்டு எழுது.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
அக்கா

*

பிப்ரவரி 24

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இறைவன் அருளாலும் துறையின் ஆதரவாலும் இங்கு அனைவரும் நலம். உன் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்.

மாமாவின் மறைவு எங்களை நிலைகுலைய வைத்துவிட்டது. விடுப்பு கேட்டேன், கிடைக்கவில்லை. மன்னிக்கவும்.

நீ கேட்டதற்குப் பதில் சட்டத்திலேயே இருக்கிறது. குற்றம் இரண்டு வகை. ஒன்று லாபக் குற்றம், மற்றது லாபமில்லாத குற்றம். தனக்கு ஏதோ கிடைக்கும் என்று தப்பு செய்கிறவனைத் துறை மன்னித்துவிடும். அவனுக்கு வேறு ஏதாவது கொடுத்தால் நாளைக்குச் சொன்னபடி கேட்பான். எதுவுமே வாங்காமல் ஒருவன் உத்தரவை மீறினால் அவனை எதைக் கொடுத்து நிறுத்துவது? அதனால்தான் இரண்டாவதற்குத் தண்டனை கடுமை. இதில் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்லை.

இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. மாமா கீழத் தெருக்காரர்களிடம் ஒரு மூட்டை மாவு வாங்கிக்கொண்டு திறந்தார் என்று ஒரு தாள் வரும். கையெழுத்துப் போட்டுவிடு. குற்றம் சிறியதாகிவிடும். குடியிருப்பு உன் பெயருக்கு வரும். சலவைக்கூடத்தில் உன் வேலையும் நிலைக்கும். போனவர் திரும்ப வரப் போவதில்லை. இருக்கிறவர்கள் இருக்க வேண்டுமே அக்கா. ஊரோடு ஒத்துப் போ என்று நம் அப்பா சொல்லுவாரே.

பிள்ளைகள் இருவரும் அத்தை அத்தை என்று உன்னையே கேட்கிறார்கள்.

உன் நலம் நாடும்
தம்பி

*

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு. நலம். அங்கே எல்லோரும் நலமா? நடுவில் படிக்கிற ஐயா நலமா?

நீ எழுதினதை மூன்று தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். எனக்குத்தான் படிப்பு குறைவு, தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று பக்கத்து வீட்டுக்காரியையும் படிக்கச் சொன்னேன். அவளும் அதையேதான் படித்தாள்.

இது என்ன சட்டம்டா? வாங்கினவன் நல்லவன், வாங்காதவன் கெட்டவனா? மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். உங்கள் ஊரில் மடியில் கனம் இருந்தால்தான் பயமில்லை போலிருக்கிறது. எங்கள் சலவைக்கூடத்து மேஸ்திரி பின்வாசல் வழியாக சோப்பு விற்கிறான், அவனுக்குப் பேரே 'சோப்பு'தான். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்கிற ஜாதி. அவனுக்கு வருஷா வருஷம் பாராட்டுப் பத்திரம் கொடுக்கிறார்கள். காவல்காரன் சட்டைகளை வெந்நீரில் போட்டு, அலசி, பிழிந்து, பெட்டி போட்டு என் விரல் நுனியில் ரேகையே இல்லை. அந்த விரலால்தான் உன் தாளில் கையெழுத்துப் போட வேண்டுமா, என் புருஷன் மாவுக்கு விலை போனார் என்று?

தாளைக் கொண்டுவந்தவரிடம் கேட்டேன். "யார் சொன்னது மாவு வாங்கினார்னு?"

"சாட்சி இருக்கும்மா."

"யாரு?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது. நம்பகமான ஆள். கீழத் தெருக்காரங்க குடுத்த மூட்டையை உங்க வீட்டுல கண்ணால பார்த்தவர்."

"தாகத்துல நாக்கு ஒட்டிக் கிடந்த தெருவுல மாவு மூட்டை எங்கிருந்துங்க வந்தது? தண்ணியில்லாம மாவை எப்படிப் பிசைவாங்களாம்?" என்றேன். அவர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

தம்பி, நீ கேட்டுச் சொல். அந்தச் சாட்சி யார்? கீழத் தெருவில் எவனாவது ஆசைப்பட்டுச் சொல்லியிருப்பானா? எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்கள் எத்தனை பேர், விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒவ்வொரு முகமாக நினைத்து நினைத்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. விசாரணை ஜூனில் வைத்திருக்கிறார்கள். அதற்குள் எழுது.

அக்கா

*

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி வணக்கம். நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது. சின்னவளுக்கு இருமல், பெரியவனுக்குப் பள்ளிக்கூட மாற்றம். நாங்கள் புதுக் குடியிருப்புக்கு வந்துவிட்டோம். மூன்று அறை. சன்னல்கள் எல்லாம் பெரியவை. இரண்டு வேளையும் குழாயில் தண்ணீர் வருகிறது. எனக்குப் பதவி உயர்வும் கிடைத்திருக்கிறது. தண்ணீர் உத்தரவுகளுக்கு முத்திரை போடும் பிரிவு. நீ இதைக் கேட்டால் சந்தோஷப்படுவாய் என்று எழுதுகிறேன்.

நீ கேட்ட விஷயம் என் பிரிவைச் சேர்ந்தது இல்லை. யாராக இருந்தாலும் அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது. மாமா 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடுத்த நாளே வீட்டுக்கு வந்திருப்பார். அவர் ஏன் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வெயிலில் அலையாதே. மோர் குடி.

தம்பி

*

ஏப்ரல் 6

தம்பிக்கு. நலம். அங்கே நலமா?

சாமானைப் பார்த்து அடையாளம் சொல்லக் கூப்பிட்டார்கள். போனேன். சுவர் முழுக்க அலமாரி, ஒவ்வொன்றிலும் ஒரு குற்றம். ஒரு பூட்டு, ஒரு செருப்பு, யாரோ ஒரு குழந்தையின் பால் புட்டி. நடுவில் எங்கள் மாவு மூட்டை. பழைய மாவு தீரட்டும் என்று நான் பிரிக்காமல் வைத்திருந்த மூட்டை.

மூட்டை வாய் நீல நூலில் தைத்திருந்தது. இரட்டை முடிச்சு.

வீட்டில் இருந்தவரைக்கும் அதை நான் தனியாகப் பார்த்ததே இல்லை. யார் கொடுத்தது என்று தெரிந்த பொருளை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? இதைத்தான் கீழத் தெரு கொடுத்த லஞ்சம் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் பார்த்தேன்.

அந்த மூட்டை எப்போது வந்தது, யார் தோளில் வந்தது, இறக்கி வைத்த ஆள் மூச்சு வாங்கிக்கொண்டு 'இந்தா, உனக்குத்தான்' என்று என்ன சொன்னான், எத்தனை தம்ளர் தண்ணீர் குடித்தான் எல்லாம் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நடுவில் படிக்கிற ஐயா இருக்கிறார். அதனால் எழுதவில்லை.

"யார் குடுத்தாங்க, தெரியுமா?" என்று கேட்டார் அதிகாரி. தெரியாது என்றேன். பொய்தான். என் வாழ்நாளில் ஆபீஸில் சொன்ன முதல் பொய்.

உன் பெண்டாட்டியை நான் விசாரித்ததாகச் சொல். நல்ல தையல். பிரியவே பிரியாது.

அக்கா

*

ஏப்ரல் 11

அக்காவுக்கு. உன் கடிதம் கிடைத்தது. வேலை அதிகம், விரிவாக எழுத முடியவில்லை. சில விஷயங்களைக் கடிதத்தில் எழுதாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன், கையெழுத்துப் போட்டுவிடு. எல்லோருக்கும் நல்லது.

தம்பி

*

மே 17

தம்பிக்கு. இங்கே நான் இருக்கிறேன். அங்கே எல்லோரும் நலமா?

இந்த வருஷத்தில் நீ உடனே போட்ட பதில் அது ஒன்றுதான். உன்னைச் சின்ன வயசில் 'பம்பரம்' என்று கூப்பிடுவோம், ஞாபகம் இருக்கிறதா? எவன் கையில் கயிறு இருக்கிறதோ அவன் பக்கம் சுற்றுவாய். பார்க்க அழகாக இருக்கும். அம்மா சிரிப்பாள்.

நேற்று முடிவெட்டுகிறவர் ஒருவர் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். உன் மாமாவோடு ஒரே அறையில் இருந்தவர். துறையின் கத்திரிகளை வெளியே விற்றார் என்று பிடித்தார்களாம். லாபக் குற்றம், அதனால் வெளியே வந்துவிட்டார். வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். உள்ளே வாங்க என்றால் வர மாட்டேன் என்கிறார். "நான் வித்தவன்மா, அந்த மனுஷன் வீட்டுக்குள்ள எப்படி வர்றது" என்றார். திருடினவருக்கு இருக்கிற கூச்சம் பார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தினமும் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்களாம்.

"மூட்டை யார் கொடுத்தது?"

"வீட்டுக்கு வந்த மூட்டை."

"கீழத் தெருக்காரங்கதானே கொடுத்தாங்க? ஆமான்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய்யா."

"அவங்க கொடுக்கல."

"அப்ப யாரு?"

அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டாராம். திரும்பி வந்து சுவரில் சாயவும் முடியாமல் குப்புறப் படுத்துக்கொள்வாராம். முடிவெட்டுகிறவருக்குப் பொறுக்கவில்லை. "ஏன்யா, கொடுத்தது யாருன்னு உண்மையைச் சொல்லிடேன். இல்ல, அவங்க கேக்கிற பொய்யைச் சொல்லு. ரெண்டுல ஒண்ணைச் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே" என்றிருக்கிறார்.

உன் மாமா சொன்னாராம்: "அந்தப் பொய்யைச் சொன்னா கீழத் தெருவைத் திருட்டுத் தெரு ஆக்கிடுவாங்க. உண்மையைச் சொன்னா, பொய்ச் சாட்சி சொன்னவன்னு ஒருத்தனைப் பிடிப்பாங்க. அவன் பயந்தாங்கொள்ளி, பாவம். என்னைக் காப்பாத்தறதா நினைச்சுத்தான் உளறியிருப்பான். அவனுக்கு ரெண்டு சின்னப் பிள்ளைங்க."

அப்புறம் சிரித்தாராம். "என் பெண்டாட்டிக்குத் தெரிஞ்சா அவனை உரிச்சிடுவா. சொல்லிடாதய்யா."

முடிவெட்டுகிறவர் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்துவிட்டது.

மாமா ஏன் சொல்லவில்லை என்று புரியவில்லை என்று எழுதியிருந்தாயே. இப்போது புரிகிறதா?

விசாரணை ஜூன் பன்னிரண்டு. காலையில். சாட்சியையும் கூப்பிட்டிருக்கிறார்களாம். நீ தலைமை ஆபீஸில் இருக்கிறவன், அந்தச் சாட்சி காதில் விழும்படி ஒன்று சொல். என் புருஷன் வாயைத் திறக்காமல் செத்தார். வாயிருக்கிறவன் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். எதைச் சொன்னாலும் சரி. என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

அக்கா

*

ஜூன் 15

தம்பிக்கு அக்கா எழுதுவது.

விசாரணை முடிந்தது. சாட்சிக்குப் போட்ட நாற்காலி காலியாகவே இருந்தது. அவருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு தாளைப் படித்தார்கள். சாட்சிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் விசாரிக்கவில்லை. இந்தக் கடிதத்திலும் யாரையும் விசாரிக்கவில்லை, கவனித்தாயா? நடுவில் படிக்கிற ஐயாவை மட்டும் கேட்கிறேன். ஐயா, நலமா?

அதிகாரி போட்டிருந்த சட்டை நான் தேய்த்தது. காலர் ஓரத்தில் கஞ்சி அதிகமாகி ஒரு வெள்ளைத் திட்டு, 'சோப்பு' அதற்காக என்னைத் திட்டினான். அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டுதான் பேசினேன். கண்ணைப் பார்த்திருந்தால் அழுதிருப்பேன். அங்கே அழக் கூடாது என்று வைராக்கியமாகப் போயிருந்தேன்.

"கையெழுத்துப் போடும்மா. வீடு இருக்கும், வேலை இருக்கும்."

"மாட்டேன்."

"அப்ப மூட்டை யார் கொடுத்ததுன்னு சொல்லு."

"அவர் சொல்லாததை நான் சொல்ல மாட்டேன்."

"சரி, என்ன லாபத்துக்குத் திறந்தாரு? அதையாவது சொல்லு."

"ஒரு லாபமும் இல்ல. சும்மா திறந்தார்."

"சும்மா எந்த மனுஷனும் திறக்க மாட்டான்மா."

"நீங்க திறக்க மாட்டீங்க. நீங்க போட்டிருக்கிற சட்டைக்கு நாலு வாளி தண்ணி செலவு. அந்த நாலு வாளியைக் குழந்தை பெத்தவளுக்குக் கொடுக்கலாம்னு அவருக்குத் தோணிச்சு. எங்க வீட்டுக் குழாய்ல ரெண்டு வேளையும் தண்ணி வந்துச்சுங்க. அவருக்குத் தாகமே இல்ல. தாகம் இல்லாதவர் திறந்தார். அதைத்தானே உங்களால பொறுக்க முடியல? 'சும்மா'ன்னு எழுதுங்க. எழுதத் தெரியலைன்னா நான் எழுதித் தர்றேன், அந்த அளவுக்கு எனக்கு எழுத வரும்."

எழுதிக்கொண்டார்கள். லாபமில்லாத குற்றம் என்று சிவப்பு மையில். சாயங்காலத்துக்குள் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். சலவைக்கூடத்துக்கும் இனி வர வேண்டாம் என்றார்கள். நான் நினைத்திருந்தால் இரண்டே வார்த்தையில் அந்தச் சாட்சியை நாற்காலியோடு கட்டி இழுத்து வந்திருக்கலாம். உன் மாமாவும் நானும் சேர்ந்து இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டோம், ஒரு பம்பரம் சாயாமல் சுற்றட்டும் என்று. இதற்கு என்னை நல்லவள் என்று நினைத்துவிடாதே. எனக்கு வயிறு எரிகிறது. அவர் மனதோடு செய்தார். நான் அவர் வார்த்தை கெட்டுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன்.

கீழத் தெருவுக்கு வந்துவிட்டேன். ஒலிபெருக்கி புகழ் மாமியார்க்காரி தன் வீட்டில் பாதியைத் துணி கட்டி மறைத்துக் கொடுத்திருக்கிறாள். நாலு பாத்திரம், ஒரு பாய், அவர் பை, கதவுக்குக் குறுக்கே போடுகிற கம்பி. இவ்வளவுதான் கொண்டுவந்தேன். வீடு போனால் என்ன, தாழ்ப்பாள் வேண்டாமா?

அக்கா

*

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு. நாங்கள் நலம். உன்னைப் பற்றியே நினைப்பு.

இங்கே மூன்று அறை இருக்கிறது என்று எழுதியிருந்தேன். ஒன்றை உனக்காகக் காலி செய்து வைத்திருக்கிறோம். கட்டில் போட்டாயிற்று. நீ இப்படி ஒரு தெருவில் கஷ்டப்பட வேண்டாம். வந்துவிடு. யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். உன் தம்பி பெண்டாட்டி தலையணைக்கு உறை தைத்து வைத்திருக்கிறாள்.

தம்பி

*

ஆகஸ்ட் 4

தம்பிக்கு அக்கா எழுதுவது.

தலையணை உறை என்ன நிற நூலில் தைத்தாள் என்று கேட்டுச் சொல்.

நான் வரவில்லை. இங்கே கஷ்டம்தான். தெருவுக்கு இன்னும் தண்ணீர் விடவில்லை, ஆனால் தண்ணீர் வருகிறது. வால்வு இருக்கிற குழி தெருமுனையில்தான். யாரோ திறக்கிறார்கள், துறைக்காரர்கள் வந்து மூடுகிறார்கள், மறுபடி யாரோ திறக்கிறார்கள். எதால் திறக்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரியவில்லை. வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். எங்கள் வீட்டுத் தாழ்ப்பாளைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.

போன வாரம் அந்த மாமியார்க் கிழவியைக் குழாயடியில் சொம்போடு கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டு போய் விசாரித்தார்கள். என்ன லாபம் என்று கேட்டால் "தண்ணி குடிச்சேன். ரெண்டு சொம்பு. அதான் லாபம்" என்றிருக்கிறாள். லாபக் குற்றம் என்று எழுதி அன்றைக்கே விட்டுவிட்டார்கள். எனக்குக் கோபம். "அவர் உயிரே போச்சு, ஆமான்னு சொல்லல. நீங்க இப்படிச் சொல்லிட்டு வர்றீங்களே" என்றேன்.

"ஏண்டி, எனக்குத் தாகம்டி. தாகத்தைத் தாகம்னுதான் சொல்லுவேன். உன் புருஷனுக்குத் தாகமில்ல, அதனால அவன் பெரிய மனுஷன். தெருவுல எல்லாரும் பெரிய மனுஷனா இருந்தா யாருடி தண்ணி குடிக்கிறது?" என்றாள்.

சிரித்துவிட்டேன். அவர் போனதிலிருந்து முதல் தடவை.

கட்டிலை மடக்கிவிடு. இடம் அடைக்கும்.

அக்கா

*

அக்டோபர் 28

அக்காவுக்கு.

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ விசாரிக்காததால் நாங்கள் நலமா என்று நான் எழுதவில்லை.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு தெரு இருக்கிறது. தையல்காரர்களும் வண்டிக்காரர்களும் இருக்கிற தெரு. யாரோ கணக்கெடுப்புக்குக் கதவு திறக்கவில்லையாம். தெரு முழுக்கத் தண்ணீர் நிறுத்தம். உத்தரவு என் மேசைக்குத்தான் வந்தது. முத்திரை போட்டேன்.

எங்கள் வீட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை. சன்னல்கள் பெரியவை என்று எழுதினேன் அல்லவா? பின்பக்கம் எல்லாம் நன்றாகத் தெரிகிறது. நேற்று சின்னவள் சன்னலைத் திறந்து தன் தம்ளரைக் கீழே நீட்டினாள். கீழே ஒரு பெண் இரண்டு கையையும் குவித்துக்கொண்டு நின்றாள். எட்டவில்லை. தண்ணீரெல்லாம் சுவரில் வழிந்தது. உன் தம்பி பெண்டாட்டி சன்னலைச் சாத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் ஆபீஸ் சாமான் அறையில் மாமா வைத்திருந்தது போல ஒரு சாவி இருக்கிறது. ஒரு தகவலுக்காகக் கேட்கிறேன். மாமா அதை எந்தப் பக்கம் திருப்புவார்?

தம்பி

*

நவம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொண்டது.

உன் கடிதம் வந்து சேர்ந்தது. நடுவில் படிக்கிற ஐயா முத்திரை குத்தி அப்படியே அனுப்பிவிட்டார். அவர் தெருவிலும் குழாயில் தண்ணீர் வரவில்லையோ என்னவோ. ஐயாவுக்கு என் நன்றி.

நீ செய்தது ஆறவில்லை, ஆறாது. அதை நேரில் பேசுவோம். அவர் சொன்னபடி உன்னை உரிக்க வேண்டும், அதற்கு நீ முழுசாக வந்து சேர வேண்டும்.

இடப் பக்கம்.

முதலில் இறுகும். உன் பேனா பிடித்த கைக்கு ரொம்பவே இறுகும். கையால் தள்ளாதே, குறுக்குக் கம்பியில் உடம்பைச் சாய்த்து அழுத்து. கால் சுற்று வந்ததும் நிறுத்து. உடனே முழுசும் திறந்தால் பழைய குழாய் வெடித்துவிடும். நிறுத்திக் காது கொடு. குழாய் இருமும். தெரு முழுக்க இருமும், ஊருக்கே கேட்கும், எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அது காற்றுதான். பயந்து மூடிவிடாதே. காற்று போன பிறகு மீதியைத் திருப்பு.

கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

இங்கே நான் நலம். உன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் நலமா? நீ நலமா? உடனே பதில் போடு.

அக்கா